கப்பலில் வாங்கிய 'டூட்டி ஃப்ரீ' பாட்டில்: 2 லிட்டரைத் தாண்டினால் ஏர்போர்ட்டில் ஆப்பு!

உத்திரமேரூர்:

கேட்டரிங் படித்துவிட்டு சொகுசுக் கப்பலில் வேலைக்குப் போகும் இளைஞர்கள் ஆறு மாதம், ஒன்பது மாதம் ஒப்பந்தம் முடிந்து விமானத்தில் ஊர் திரும்புகிறார்கள். சிங்கப்பூர் போய் கப்பலில் சுற்றிவிட்டு வரும் குடும்பங்களும் இப்போது அதிகம். இரண்டு தரப்புக்கும் ஊரிலிருந்து வரும் போன் ஒன்றுதான். "மச்சான், வரும்போது ஃபாரின் பாட்டில் ஒண்ணு எடுத்துட்டு வாடா!"

ஒரு நண்பன் கேட்டால் பரவாயில்லை. மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணன் என்று ஆளுக்கொரு பாட்டில் கேட்டால் பெட்டி நிறைந்துவிடுகிறது. கப்பல் கடையிலும் விலை மலிவு. வாங்கி அடுக்கிக்கொண்டு சென்னை விமான நிலையத்தில் இறங்கினால், சுங்க கவுன்டரில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

'டூட்டி ஃப்ரீ' என்று பில்லில் போட்டிருப்பதை நம்பித்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த வரி விலக்கு வாங்கிய இடத்துக்கு மட்டும்தான். இந்தியாவுக்குள் எவ்வளவு விடுவது என்பது இந்திய சுங்கத்துறை போடும் கணக்கு. அந்தக் கணக்கு 2 லிட்டர்.

விமான கம்பெனி ஒரு கணக்கு, சுங்கத்துறை ஒரு கணக்கு, தமிழ்நாடு மதுவிலக்கு சட்டம் இன்னொரு கணக்கு. இந்த மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் கைக்காசு போகிறது.

விமானத்தில் 5 லிட்டர்... சுங்கத்தில் 2 லிட்டர்!

"அஞ்சு லிட்டர் வரைக்கும் கொண்டு போலாம்னு ஏர்லைன்ஸ்லயே போட்டிருக்கே?" என்று கேட்பவர்கள் நிறைய பேர். போட்டிருப்பது உண்மைதான். ஆனால் அது தீப்பிடிக்கும் ஆபத்தைக் கணக்கில் வைத்து போட்ட பாதுகாப்பு விதி. வரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அந்த விதி இதுதான். 24 சதவீதத்துக்கு மேல் 70 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள சரக்கை, கடையில் விற்ற அதே சீல் பிரிக்காத பாட்டிலில், லக்கேஜில் ஒரு பயணி 5 லிட்டர் வரை வைக்கலாம். விஸ்கி, பிராந்தி, ரம், ஓட்கா பெரும்பாலும் இந்த வகை. நம்மூர் டாஸ்மாக் கடையில் விற்கும் பிராந்தியில் இருப்பது 42.8 சதவீதம். பீர், ஒயின் போன்று 24 சதவீதமும் அதற்குக் குறைவாகவும் உள்ளவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு விதியில் அளவு கட்டுப்பாடு இல்லை. லக்கேஜ் எடை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

70 சதவீதத்தைத் தாண்டினால் விமானத்தில் ஏற்றவே முடியாது. லக்கேஜிலும் கூடாது, கையிலும் கூடாது. கரீபியன் தீவுகள் பக்கம் போகும் கப்பல்களில் வேலை பார்ப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. அங்கே சில தீவுகளில் 80 சதவீதத்தைத் தாண்டும் ரம்மும் கிடைக்கும். ஜமைக்காவின் பிரபலமான 'ரே அண்ட் நெப்யூ' வெள்ளை ரம் 63 சதவீதம் என்பதால் தப்பித்துவிடும். பாட்டிலின் லேபிளிலேயே சதவீதம் அச்சடித்திருக்கும். வாங்குவதற்கு முன் ஒரு பார்வை பார்த்துவிட்டால் போதும்.

ஆக, விமானம் 5 லிட்டரை ஏற்றிக்கொண்டு வந்து சென்னையில் இறக்கிவிடும். இறங்கிய பிறகு அதில் 2 லிட்டர்தான் இனாம். மீதி 3 லிட்டருக்கு வரி கட்டியாக வேண்டும்.

3 பாட்டில் கணக்கு

2 லிட்டர் என்றதும் பலரும் பாட்டிலை எண்ணுகிறார்கள். பாட்டில் எத்தனை என்பது கணக்கே இல்லை. மில்லி எத்தனை என்பதுதான் கணக்கு.

ஏர்போர்ட் டூட்டி ஃப்ரீ கடைகளில் 1 லிட்டர் பாட்டில் அதிகம். அதில் இரண்டு வாங்கினால் சரியாக 2 லிட்டர். அமெரிக்கா பக்கம் 750 மில்லி பாட்டில் அதிகம். இரண்டு வாங்கினால் ஒன்றரை லிட்டர். மூன்றாவது வாங்கினால் 2.25 லிட்டர். 250 மில்லி கூடிவிட்டது. ஐரோப்பாவில் 700 மில்லி. மூன்று வாங்கினால் 2.1 லிட்டர். அங்கேயும் 100 மில்லி அதிகம்.

இந்த 2 லிட்டருக்குள் எல்லா வகை மதுவும் அடக்கம். "விஸ்கி ரெண்டு லிட்டர், ஒயின் தனியா ரெண்டு லிட்டர்" என்று பிரித்துக் கணக்கு போட முடியாது. விஸ்கி 1 லிட்டர், ஒயின் 750 மில்லி என்றால் மொத்தம் 1.75 லிட்டர். அதற்கு மேல் 250 மில்லிக்குத்தான் இடம்.

சென்னை விமான நிலையத்தில் இறங்கியதும் உள்ளேயே டூட்டி ஃப்ரீ கடை இருக்கிறது. கப்பலில் வாங்கிய 2 லிட்டரைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, "இங்கே வாங்கினா கணக்கு இல்லை" என்று இன்னும் இரண்டு பாட்டில் எடுப்பவர்கள் உண்டு. அதுவும் தப்பு. எங்கே வாங்கினாலும் சேர்த்து ஒரு ஆளுக்கு 2 லிட்டர்தான்.

இன்னொரு விஷயம். ஒருவருக்கான சலுகையை இன்னொருவருக்கு மாற்றித் தர முடியாது. கணவன், மனைவி இருவரும் பயணம் செய்தால் ஆளுக்கு 2 லிட்டர் கொண்டு வரலாம். ஆனால் ஒருவர் மட்டும் போய்வந்துவிட்டு, "இது என் பொண்டாட்டி பங்கு" என்று 4 லிட்டரைக் காட்டினால் எடுபடாது.

சிகரெட் கொண்டு வருபவர்களுக்கும் அளவு உண்டு. 100 குச்சி வரைதான் வரி இல்லை. 200 குச்சி உள்ள ஒரு முழு பண்டல் கொண்டு வந்தால் பாதிக்கு வரி விழும்.

கப்பல் ஊழியருக்கு தனி சலுகை உண்டா?

"நான் ஷிப் க்ரூ, எனக்கு வேற ரூல்" என்று கவுன்டரில் பேசிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்து, கணக்கு தீர்த்து, 'சைன் ஆஃப்' ஆகி வருகிற ஊழியருக்கு சாதாரண பயணிக்கு உள்ள விதிதான். கூடுதலாக ஒரு சொட்டு கிடையாது. சைன் ஆஃப் கடிதம், பில் இரண்டையும் கையில் வைத்திருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

கப்பலுக்கு உள்ளேயே உள்ள கடையில் பயணிகள் வாங்கும் பாட்டிலை பல கப்பல்களில் உடனே கையில் தர மாட்டார்கள். வாங்கி பத்திரமாக வைத்துவிட்டு, பயணத்தின் கடைசி நாளில்தான் தருவார்கள். கப்பலிலேயே உடைத்துக் குடித்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. ஆகவே பெட்டியை முன்கூட்டியே கட்டிவிட்டு நிற்காமல், அந்தப் பாட்டிலுக்கு இடம் விட்டு வைக்க வேண்டும்.

கப்பல் பயணம் எல்லாவற்றிலும் டூட்டி ஃப்ரீ கிடைக்கும் என்பதும் தவறான நினைப்பு. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'கார்டிலியா' சொகுசுக் கப்பல் ஓட ஆரம்பித்தது. விசாகப்பட்டினம், புதுச்சேரி பக்கம் போய்விட்டுத் திரும்பும் பயணம் அது. வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொடாத உள்நாட்டுப் பயணத்தில் டூட்டி ஃப்ரீ என்ற பேச்சுக்கே இடமில்லை. 2023 ஜூன் மாதம் அதே நிறுவனத்தின் கப்பல் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை போனது. அது வெளிநாட்டுப் பயணம். இப்படி வெளிநாடு போய்த் திரும்பினால் துறைமுகத்தில் இறங்கினாலும், விமான நிலையத்தில் இறங்கினாலும் அதே 2 லிட்டர் சட்டம்தான்.

நடுவில் நிற்கும் நாடுகள்

கப்பலை விட்டு இறங்கி, விமானம் பிடித்து வருபவர்கள் இன்னொரு சிக்கலையும் பார்க்க வேண்டும். கப்பல் கரை சேரும் ஊரிலும் ஒரு சுங்கம் இருக்கிறது.

சிங்கப்பூரில் கப்பல் ஏறி, மலேசியாவின் பினாங்கு போய்விட்டுத் திரும்ப சிங்கப்பூரிலேயே இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மலேசியாவிலிருந்து வருபவர்களுக்கு சிங்கப்பூரில் மது வரிச் சலுகை கிடையாது. 48 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே போய்வந்தாலும் கிடையாது. மியாமி போன்ற அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கினால், 21 வயதான ஒருவருக்கு பொதுவாக 1 லிட்டர்தான் சலுகை.

இதைத் தவிர்க்க சுலபமான வழி ஒன்று உண்டு. கப்பலில் வாங்காமல், சென்னைக்கு விமானம் ஏறும் கடைசி ஏர்போர்ட்டில் வாங்கலாம். அல்லது சென்னையில் இறங்கி வாங்கலாம். நடுவில் எந்த நாட்டு சுங்கத்துக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பாட்டில் உடையும் பயமும் இல்லை.

வழியில் குவைத் போன்ற மதுவுக்குத் தடை உள்ள நாட்டில் வெளியே வந்து தங்கும்படி டிக்கெட் இருந்தால், பாட்டிலே வேண்டாம். அங்கே மாட்டினால் வரி கட்டிவிட்டுப் போகிற கதை இல்லை. கேஸ், சிறை என்று போய்விடும்.

கையில் எடுத்து வரலாமா?

2006 ஆகஸ்டில் லண்டனில் விமானங்களைத் திரவ வெடிகுண்டால் தகர்க்க நடந்த சதி அம்பலமானது. அதன் பிறகுதான் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற கட்டுப்பாடு உலகம் முழுக்க வந்தது. தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிப் போடுவதும் இதனால்தான்.

ஏர்போர்ட் டூட்டி ஃப்ரீ கடையில் வாங்கும் பாட்டிலுக்கு மட்டும் விலக்கு. அதைத் தனி பிளாஸ்டிக் கவரில் போட்டு சீல் வைத்து, பில்லையும் உள்ளேயே வைத்துத் தருவார்கள். அந்தக் கவரைப் பிரித்தால் உடனே தெரிந்துவிடும்படி செய்திருக்கிறார்கள். வழியில் விமானம் மாறும்போது அங்கே மறுபடி சோதனை நடக்கும். "என்ன பிராண்டுன்னு பார்க்கலாம்" என்று கவரைப் பிரித்திருந்தால் பாட்டில் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். வீடு வந்து சேரும் வரை கவரில் கை வைக்கக் கூடாது.

கப்பல் கடையில் வாங்கிய பாட்டில் பெரும்பாலும் இந்த சீல் கவரில் வருவதில்லை. ஆகவே அதை லக்கேஜில்தான் போட வேண்டும்.

மும்பையிலோ டெல்லியிலோ இறங்கி, அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் சென்னை வருபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சுங்கச் சோதனை முடிந்ததும், கையில் உள்ள பாட்டிலைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை லக்கேஜில் போட்டுவிடுவதுதான் பத்திரம்.

பெட்டியில் வைக்கும்போது பாட்டிலை முதலில் பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். அதன் மேல் லுங்கி, டவல் சுற்றி, பெட்டியின் நடுவில் துணிகளுக்கு இடையே வைக்க வேண்டும். ஓரத்தில் வைத்தால் தூக்கிப் போடும்போது உடையும். ஒரு பாட்டில் உடைந்தால் ஒன்பது மாத துணிமணியும் நாறிவிடும்.

சிவப்பு வழியா? பச்சை வழியா?

லக்கேஜ் எடுத்துக்கொண்டு வெளியே வரும் இடத்தில் இரண்டு வழிகள் இருக்கும். வரி கட்ட வேண்டிய பொருள் எதுவும் இல்லாதவர்களுக்கு பச்சை வழி. இருப்பவர்களுக்கு சிவப்பு வழி. பச்சை வழியில் காலெடுத்து வைத்தாலே, "என்னிடம் வரி கட்டும் பொருள் இல்லை" என்று எழுதிக் கொடுத்ததற்குச் சமம்.

2 லிட்டருக்கு மேல் இருந்தால் சிவப்பு வழிக்குப் போய் தானாகச் சொல்லிவிடுவதுதான் புத்திசாலித்தனம். கூடுதல் அளவுக்கு வரி போடுவார்கள். சரக்கின் வகையைப் பொறுத்து அது விலையைப் போல ஒன்றரை மடங்கு வரை போகும். உதாரணமாக, கூடுதலாக உள்ள 1 லிட்டரின் மதிப்பு 2 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வரி மட்டும் 3 ஆயிரம் ரூபாய் வரை வரலாம். மலிவு என்று வாங்கிய பாட்டில் 5 ஆயிரம் ரூபாய் பாட்டிலாகிவிடும். வாங்கிய பில் கையில் இருந்தால் மதிப்பு போடுவதில் தகராறு வராது. கட்டும் பணத்துக்கு ரசீது கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் தரக் கூடாது.

வரி கட்ட மனமில்லை என்றால் இன்னொரு வழியும் சட்டத்தில் இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. 1962ம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 80வது பிரிவின்படி, உண்மையைச் சொல்லிக் கணக்குக் காட்டிய பொருளை சுங்கத்துறையிடமே விட்டு வைத்து, மறுபடி வெளிநாடு போகும்போது திருப்பித் தரும்படி கேட்கலாம். இரண்டு, மூன்று மாதத்தில் மீண்டும் கப்பல் ஏறப்போகும் ஊழியருக்கு இது உதவும். ஆனால் ஒளித்து வைத்துப் பிடிபட்டவருக்கு இந்த வழி இல்லை.

ஒளித்துக்கொண்டு பச்சை வழியில் போய் மாட்டினால் சரக்கு பறிமுதல், அதற்கு மேல் அபராதம். 2 பாட்டிலுக்காக மணிக்கணக்கில் உட்கார வேண்டி வரும். வெளியே அழைத்துப் போக வந்த குடும்பம் காத்துக்கிடக்கும்.

உத்திரமேரூர்காரர்களுக்கு இது புதிய பாடம் இல்லை. ஊர் சபைக்கு குடவோலை முறையில் ஆள் எடுப்பது பற்றி பராந்தகச் சோழன் காலத்தில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே கல்வெட்டில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பொறுப்பில் இருந்துவிட்டு கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது என்பது அதில் உள்ள விதி. ஏர்போர்ட்டிலும் கணக்குக் காட்டினால் கஷ்டம் இல்லை.

அடுத்தவர் பை... ஆபத்தான பை!

விமான நிலையத்தில் யாராவது சிரித்துப் பேசி, "தம்பி, உனக்கு ரெண்டு லிட்டர் கோட்டா சும்மாதானே இருக்கு, இந்தப் பையை மட்டும் வெளியே கொண்டு வந்து கொடு" என்று கேட்டால், கை கூப்பிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். 'குருவி' வேலைக்கு ஆள் பிடிப்பவர்கள் இப்படித்தான் பேச்சுக் கொடுப்பார்கள். மேலே 2 பாட்டில் தெரியும். அடியில் தங்கமா, போதைப் பொருளா என்பது பையைக் கொண்டு வருபவருக்கே தெரியாது. மாட்டினால் பை யார் கையில் இருந்ததோ அவர்தான் குற்றவாளி. கொடுத்தவர் கூட்டத்தில் கரைந்துவிடுவார்.

கிரிமினல் கேஸ் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் புதுப்பிப்பதே சிக்கல். கப்பல் வேலையை நம்பி வீட்டுக்கடன், தங்கச்சி கல்யாணம் என்று கணக்கு போட்டு வைத்திருக்கும் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும்.

ஊருக்கு வந்த பிறகும் சட்டம் உண்டு

ஏர்போர்ட்டைத் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டு வந்து, உத்திரமேரூர் போய்ச் சேர்ந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. வழியில் வாகனச் சோதனை நடந்தால் பில், பயணச் சீட்டு, வரி கட்டியிருந்தால் அதற்கான ரசீது, இந்த மூன்றையும் காட்டத் தயாராக இருக்க வேண்டும்.

இதையும் பாண்டி சரக்கையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. புதுச்சேரியில் மலிவாக வாங்கி தமிழ்நாட்டுக்குள் கொண்டு வந்தால் மதுவிலக்கு போலீஸ் பிடிக்கும். அதற்கு '2 லிட்டர் சலுகை' எல்லாம் கிடையாது. அந்தச் சலுகை வெளிநாட்டிலிருந்து வரும் பயணிக்கு மட்டும்தான்.

எல்லாவற்றையும்விட பெரிய தப்பு, கொண்டு வந்த பாட்டிலை விற்பது. "ரெண்டாயிரத்துக்கு வாங்கினேன், மூவாயிரத்துக்குக் கொடுத்துட்டேன்" என்று சாதாரணமாகச் சொல்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் மதுவை சில்லறையில் விற்கும் வேலையை 2003ல் இருந்து டாஸ்மாக் பார்க்கிறது. லைசென்ஸ் இல்லாமல் ஒரு பாட்டில் விற்றாலும் 1937ம் ஆண்டு தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்தான். வாங்கியவர் சொந்த மாமாவாக இருந்தாலும், காசு கைமாறினால் அது விற்பனைதான்.

வாங்குபவர்களுக்கும் எச்சரிக்கை!

ஊரில் யாரோ ஒருவர் பைக்கில் வந்து, "ஒரிஜினல் டூட்டி ஃப்ரீ சரக்கு, கப்பல்ல வந்தது" என்று பாதி விலைக்கு நீட்டினால் ஆசைப்படக் கூடாது. காலி ஃபாரின் பாட்டிலில் கண்டதையும் ஊற்றி, மூடியைத் திருகி விற்பது ரொம்ப நாளாக நடக்கும் பழைய பித்தலாட்டம். பாட்டில் ஒரிஜினலாக இருக்கும். உள்ளே இருப்பது என்ன என்பது ஊற்றியவனுக்குத்தான் வெளிச்சம்.

விலையில் மிச்சம் பிடிக்கப் போய் உயிரை விட்ட கதை தூரத்தில் நடக்கவில்லை. 2023 மே மாதம் மரக்காணம் பகுதியிலும், பக்கத்து மாவட்டமான செங்கல்பட்டின் சித்தாமூர் பகுதியிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் பலியானார்கள். அதன் பிறகு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி தண்டனையைக் கடுமையாக்கினார்கள். செத்தவர்களில் பெரும்பாலானவர்கள் அன்றாடம் கூலி வேலைக்குப் போகிறவர்கள்.

ஞாபகத்தில் வைக்க...

* ஒரு ஆளுக்கு 2 லிட்டர். பாட்டிலை எண்ணாமல் மில்லியைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

* கப்பலில் வாங்கியது, ஏர்போர்ட்டில் வாங்கியது, சென்னையில் இறங்கி வாங்கியது, எல்லாம் சேர்த்துத்தான் இந்த அளவு.

* விமான கம்பெனி சொல்லும் 5 லிட்டர் பாதுகாப்புக் கணக்கு. வரிக்கு அது செல்லாது.

* 70 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பாட்டிலை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

* கப்பல் கடை பாட்டில் லக்கேஜில். ஏர்போர்ட் கடை பாட்டில் சீல் கவரைப் பிரிக்காமல் கையில்.

* அளவு கூடினால் சிவப்பு வழி. பில்லைக் காட்டி, வரி கட்டி, ரசீது வாங்க வேண்டும்.

* அடுத்தவர் பையைத் தொடவே கூடாது. கொண்டு வந்த பாட்டிலை விற்கவும் கூடாது.

நண்பர்கள் ஆளுக்கொரு பாட்டில் கேட்டால், "ரெண்டு லிட்டர்தான் விடுவாங்க, அதுக்கு மேல வரியை நீ கட்டுறியா?" என்று திருப்பிக் கேட்டாலே போதும். பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள். மீதிப் பேருக்கு சாக்லேட் பாக்கெட் இருக்கவே இருக்கிறது.